சுருள் கரங்களில் நுண்விவரம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டோனியன் தொலைநோக்கி, ஈக்யூ5 வகை மவுண்ட், சிறிய கைடிங் கேமரா, 4.3 மைக்ரான் பிக்சல் உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். ஆகியவற்றைக் கொண்டு எம் 51 விண்மீன் மண்டலத்தைப் படமெடுக்கிறேன். பல மணி நேரம் ஒளி சேர்த்தும் சுருள் கரங்கள் பஞ்சுபோலக் குழைந்தே தெரிகின்றன. பெரிய தொலைநோக்கி வாங்கினால்தான் நுண்விவரம் கிடைக்குமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரிய தொலைநோக்கி இப்போது உங்களுக்குத் தேவையில்லை. ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். விண்மீன் ஒன்று படத்தில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகப் பரவுவதற்கு வளிமண்டல நடுக்கம், மவுண்ட் வானத்தைப் பின்தொடர்வதில் உண்டாகும் பிழை, ஆடியின் விட்டத்தைப் பொறுத்த விளிம்பு விளைவு ஆகிய மூன்றும் முக்கியக் காரணங்கள். இவை நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். நடுக்கம் 2.5 ஆர்க்செகண்டு (ஓர் ஆர்க்செகண்டு என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) என்றும், கைடிங் பிழை, அதாவது கைடிங் கேமரா திருத்திய பிறகும் பின்தொடர்வதில் எஞ்சும் பிழை, ஒவ்வோர் அச்சிலும் ஆர்.எம்.எஸ். என்னும் சராசரிக் கணக்கில் 1 ஆர்க்செகண்டு என்றும் கொள்வோம். அந்த 1 ஆர்க்செகண்டுப் பிழை, விண்மீனின் அகலத்தில் சுமார் 2.35 ஆர்க்செகண்டாக வெளிப்படுகிறது. 150 மி.மீ. ஆடியின் விளிம்பு விளைவோ 0.8 ஆர்க்செகண்டுக்கும் குறைவு. மூன்றும் சேர்ந்து தருவது 3.5 ஆர்க்செகண்டு. ஆடியை 300 மி.மீ. ஆக்கினாலும் அது ஏறத்தாழ அங்கேயே நிற்கும். கைடிங் பிழையை 0.6 ஆகக் குறைத்தாலோ 3 ஆர்க்செகண்டுக்கு இறங்கிவிடும். உங்கள் அமைப்பில் ஒரு பிக்சல் வானில் சுமார் 1.2 ஆர்க்செகண்டைப் பார்ப்பதால், அந்த 3 ஆர்க்செகண்டைப் பதிவு செய்யக் கேமராவும் போதுமானதே.

எனவே உழைப்பின் பெரும்பகுதியை மவுண்டுக்குக் கொடுங்கள். உங்கள் ஊரில் துருவ விண்மீன் தொடுவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்திலேயே இருப்பதால் மரமோ கட்டடமோ புகைமூட்டமோ அதை எளிதில் மறைத்துவிடும்; மவுண்டின் துருவ அச்சைக் கண்மதிப்பில் விட்டுவிடாமல், விண்மீன் நகர்வை அளந்து திருத்தும் டிரிஃப்ட் முறையில் சரிசெய்யுங்கள். கைடிங் கேமராவின் ஒவ்வொரு படமும் 2 அல்லது 3 விநாடி இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் மவுண்ட் காற்றின் நடுக்கத்தையே துரத்தத் தொடங்கும். கிழக்குப் பக்கம் சற்றே கனமாக இருக்கும்படி எடையைச் சமன் செய்தால் பற்சக்கரங்கள் ஒரே பக்கமாக அழுந்தி நிற்கும். வடக்கு–தெற்காகத் திருப்பும் டெக்லினேஷன் அச்சில் பற்சக்கர இடைவெளி மிகுதியாக இருந்தால், அந்த அச்சின் கைடிங் திருத்தத்தை ஒரு திசையில் மட்டும் அனுமதியுங்கள். தொங்கும் கேபிள்களைக் கட்டிவைப்பதைச் சிறு வேலை என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்தது ஃபோகஸ். உங்களுடையதைப் போன்ற எஃப்/5 (குவியத் தூரம் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கான) தொலைநோக்கியில் ஃபோகஸ் இருபுறமும் சுமார் 30 மைக்ரான் வரைதான் விலகலாம். 750 மி.மீ. நீள எஃகுக் குழாயோ வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறையும்போது ஏறத்தாழ 9 மைக்ரான் சுருங்குகிறது. முன்னிரவில் பாட்டினோவ் முகமூடியால் (தொலைநோக்கியின் வாயில் பொருத்தி ஃபோகஸைச் சரிபார்க்க உதவும் கோடுகளிட்ட தட்டு) கச்சிதமாக அமைத்த ஃபோகஸ், வெப்பநிலை மூன்று டிகிரி இறங்கியதுமே எல்லையைத் தொட்டுவிடும் என்பதால், அவ்வளவு குளிரும் ஒவ்வொரு முறையும் மீண்டும் சரிபாருங்கள்.

எம் 51 உங்கள் ஊரில் அதிகபட்சமாக 53 டிகிரி உயரம்தான் ஏறும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டி அது உச்சிக்கோட்டைக் கடக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம் மட்டும் படமெடுங்கள். 30 டிகிரி உயரத்தில், தலைக்கு நேர்மேலே இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு நடுக்கம் இருக்கும்.

எடுத்த படங்களில் விண்மீன் அகலத்தை சிரில் போன்ற இலவச மென்பொருளே அளந்து தரும். மிக அகலமான ஐந்தில் ஒரு பங்கை நீக்கினால் இரைச்சல் சுமார் 12 சதவீதமே கூடும். பாதியை நீக்கினால் 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கூர்மையான பாதியிலிருந்து நுண்விவரத்தைத் தரும் ஒளிச்செறிவுப் படத்தையும் (நிறமற்ற கருப்பு-வெள்ளைப் பகுதி), எல்லாப் படங்களையும் சேர்த்து நிறத்தையும் அமைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. நிறம் சற்றுக் குழைந்திருந்தாலும் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: மென்பொருளில் கூர்மையாக்கினால் விண்மீன்களைச் சுற்றிக் கருவளையம் வருகிறது, மண்டலத்தில் புதிய இழைகளும் தோன்றுகின்றன. அவை உண்மையானவையா?
– வாசகர், மதுரை

பதில்: கருவளையம், அளவை மீறிக் கூர்மையாக்கியதற்கான அடையாளம். ரிச்சர்ட்சன் 1972-இலும் லூசி 1974-இலும் தனித்தனியே வெளியிட்ட, படத்தின் மங்கலைக் கணக்கிட்டு நீக்கும் டீகன்வலூஷன் முறை, ஹப்பிள் தொலைநோக்கி 1993-இல் பழுதுநீக்கப்படும் வரை அதன் மங்கலான படங்களை மீட்கப் பயன்பட்டது. அதையே நீங்களும் பயன்படுத்தலாம்; ஆனால் படத்தின் மங்கலான பகுதிகளை மேலேற்றும் ஸ்ட்ரெட்ச் வேலைக்கு முன்பே, ஒளி மிகுந்து வெளுத்துப்போகாத விண்மீன்களிலிருந்து, ஒளி பரவியிருக்கும் வடிவத்தை அளந்து, சில சுற்றுகள் மட்டும் இயக்குங்கள். ஒளி மிகுந்த மையத்துக்கும் கரங்களுக்கும் அது பலன் தரும். மங்கலான வெளிப்புறத்தில் இரைச்சலையே இழைகளாக முறுக்கிக் காட்டும் என்பதால் அப்பகுதியை மாஸ்க் இட்டுக் காப்பாற்றுங்கள்.

இழைகள் உண்மையா என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒற்றைப்படை எண்ணுள்ள படங்களையும் இரட்டைப்படை எண்ணுள்ளவற்றையும் தனித்தனியே அடுக்கி, இரண்டுக்கும் ஒரே செயல்முறையைச் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் தெரியும் இழை இரைச்சலிலிருந்து பிறந்தது, அதை நீக்கிவிடுங்கள். இரண்டிலும் அதே இடத்தில் தெரிந்தால், விண்மீன்களைச் சுற்றிய வளையங்களின் தொடர்ச்சியாக அது இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டு, பெரிய தொலைநோக்கியின் படமொன்றுடன் ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.