வில்லனே இல்லாத படம் ஒன்று இருக்கிறது

வணக்கம் சகோதரி. வில்லன் வந்தாலே ஐந்து வயது மகன் அலறுகிறான், ஆங்கிலம் தெரியாத மாமியாரும் கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு அனிமேஷன் படம் சொல்லுங்கள் என்று போச்சம்பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் 'மை நெய்பர் டொட்டோரோ' போடுங்கள். ஹயாவோ மியாசாகி இயக்கி 1988இல் வந்த ஜப்பானியப் படம், 86 நிமிடம்தான்.

இதில் கெட்டவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, அப்பாவோடு கிராமத்துக்குக் குடிவரும் அக்கா தங்கை, காட்டுக்குள் வாழும் மெத்தென்ற ஒரு பெரிய உயிர், அவ்வளவுதான் கதை. மழையில் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும் காட்சியை என் மகளுக்காகத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன். தங்கை அக்கா முதுகில் தூங்குகிறாள், குடைமேல் சொட்டு விழும் சத்தம், பேச்சு ரொம்பக் குறைவு. குழந்தைகள் படம் என்றால் நொடிக்கொரு கூச்சல் வேண்டும் என்று நினைக்காத ஒருவர் எடுத்தது. அந்தப் பொறுமைக்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

மாமியாருக்கும் பிடிக்கும். தண்ணீர் அடிக்கும் பம்பு, வயல், குளிரவைத்த வெள்ளரிக்காயைக் கடித்துத் தின்பது எல்லாம் நம்ம பக்கத்துத் தோட்டத்தில் நடப்பதுபோல் இருக்கும். வசனத்தை இடையிடையே நீங்களே தமிழில் சொல்லிவிடலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கடைசியில் சின்னவள் தனியாக அம்மாவைப் பார்க்கக் கிளம்பித் தொலைந்துபோகிறாள். குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கும், அது அவளுடையது அல்ல. அதற்கு முன்பே "கிடைச்சிருவா கண்ணு" என்று பையனிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் பூனை உருவத்திலேயே ஒரு பஸ் வரும், சிரித்துவிடுவான்.