தூபபீடம் திரைக்கு வெளியேதான்

சகோதரி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்யும் ஆசரிப்புக் கூடார (வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆராதித்த கூடாரம்) மாதிரியில், தூபம் காட்டும் பீடமான தூபபீடத்தை, மகா பரிசுத்த ஸ்தலம் என்ற உள்ளறையை மறைக்கும் திரைக்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் வெளியே, திரைச்சீலையை ஒட்டி, நடுவில் வையுங்கள்.

யாத்திராகமம் 30 அதைத் தெளிவாகச் சொல்கிறது. பிரதான ஆசாரியனான ஆரோன் காலையும் மாலையும் அதில் தூபம் காட்ட வேண்டும். மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளோ பிரதான ஆசாரியன் நுழைவது ஆண்டுக்கு ஒரே நாள்தான். பீடம் உள்ளே இருந்தால் அன்றாட ஊழியம் எப்படி நடக்கும்?

உங்களைக் குழப்பிய எபிரெயர் 9:4-இல், திரைக்கு உள்ளே உள்ளவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரேக்கச் சொல்லுக்குப் பீடம், கலசம் இரண்டு பொருளும் உண்டு. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘தூபகலசம்’ என்றே சொல்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் நெருப்புத்தணலோடு திரைக்குள் கொண்டுபோனதும் தூபகலசத்தைத்தான் (லேவியராகமம் 16:12).

வாசல் கிழக்கே. அப்பங்கள் வைக்கும் மேசை வடக்கே, விளக்கு தெற்கே. ஒரு முழத்துக்கு 2 செ.மீ. என்று கொண்டால் 30 முழக் கூடாரம் 60 செ.மீ. நீளம் வரும், தூபபீடம் 2 செ.மீ. சதுரம், 4 செ.மீ. உயரம்.

இன்னொன்று, தமிழில் ‘குத்துவிளக்கு’ என்று படித்துவிட்டு நம் வீட்டு விளக்கையே செய்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நடுத்தண்டிலிருந்து பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகள், வாதுமைப் பூ வடிவ மொக்குகள், ஏழு அகல்கள். அதற்கு உயரம் சொல்லப்படவில்லை. உங்கள் கண்ணுக்குப் பொருத்தமாகச் செய்யலாம்.