லீவு சான்றிதழில் என்ன எழுதுவது? வேலையிட மனநலம்: வாசகர் கேள்வி-பதில்

டிப்ரஷனுக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு வாரம் ஓய்வு எடுக்கச் சொல்கிறார் டாக்டர். ஆபீஸுக்கு 'வைரல் காய்ச்சல்' என்று சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடலாமா? – ஐ.டி. ஊழியர், சென்னை

வேண்டாம். நாளைக்கே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்க வேண்டிவந்தால், இன்று கொடுத்த பொய்ச் சான்றிதழ்தான் உங்களுக்கு எதிராக முதலில் வந்து நிற்கும். அதற்காக நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. லீவுக்கான சான்றிதழில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: இன்னார் என் சிகிச்சையில் இருக்கிறார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு தேவை, இந்தத் தேதியில் வேலைக்குத் திரும்பலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது லெட்டர்பேடைத்தான். உள்ளே எதுவும் எழுதாவிட்டாலும் மேலே 'மனநல மருத்துவர்' என்று பெரிதாக அச்சாகியிருக்கும். பல துறைகள் உள்ள மருத்துவமனை என்றால் மருத்துவமனையின் பொதுத் தாளில் எழுதித் தரக் கேளுங்கள். டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் இருந்தால் அது முழுமையான சான்றிதழ்தான். ஹெச்.ஆர். நேரடியாக டாக்டருக்குப் போன் செய்து விசாரித்தாலும், உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் விவரம் சொல்லக்கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது.

இன்னொன்று. இந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலானவை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டலும் தூக்கக் குலைவும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதாவது, லீவு முடிகிற நாளில்தான் மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும். ஆகவே திங்கட்கிழமை திரும்பாதீர்கள், புதன் அல்லது வியாழனில் திரும்பினால் முதல் வாரம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். முதல் வாரம் அரை நாள், அடுத்த வாரம் முக்கால் நாள், இரவு அழைப்புப் பட்டியலில் ஒரு மாதம் பெயர் இல்லை என்று மேனேஜரிடம் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகப் பேசியது இரண்டாவது வாரத்தில் காணாமல் போய்விடும். உடம்பு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான்.

என் கணவர் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறார். பைபோலார் (இருமுனை மனநிலை) நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். நாலு வருஷமாகப் பிரச்சினை இல்லை. இப்போது முழு நைட் போடுகிறார்கள். பரவாயில்லையா? – வாசகி, கோவை

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. பைபோலார் உள்ளவருக்குத் தூக்கம் கெடுவதே வெறிநிலையை, அதாவது அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும் கொண்ட கட்டத்தைக் கிளப்பிவிடும். இரண்டு மூன்று இரவு சரியாகத் தூங்காமல், அதே சமயம் களைப்பே தெரியாமல் பரபரப்பாக இருந்தால், அதுதான் முதல் அறிகுறி. அன்றே டாக்டரைப் பாருங்கள்.

லித்தியத்தில் தனியாக ஒரு சிக்கலும் உண்டு. வெக்கையில் வியர்த்து உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். தண்ணீர் பாட்டில் மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக்கூடாது. இடுப்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடக்கூடாது, அவையும் அளவை ஏற்றிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கை வெடவெடவென்று நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஷிப்ட் மாறி, மாத்திரை போடும் நேரமும் மாறியிருக்க, வழக்கம்போலக் காலையில் போய் ரத்தம் கொடுத்தால் முடிவு தவறாக வரும். லேபுக்குப் போகும் முன் மணிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்லில் கொடுக்க வேண்டியது: 'மருத்துவக் காரணத்தால் நிலையான பகல் ஷிப்ட் தேவை, இரவுப் பணி கூடாது' என்று டாக்டர் எழுதிய ஒரு வரி. இதிலும் நோயின் பெயர் வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேவைப்பட்டால் அந்த வழியில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெற்றும் கேட்கலாம்.

கார்மெண்ட்ஸ் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் ஒரு பொண்ணு, 'நான் இல்லாட்டி யாருக்கு என்ன நஷ்டம்' என்கிறாள். சம்பளத்தில் அட்வான்ஸ் வாங்கி, டிபன் பாக்ஸைக்கூட வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள். நான் என்ன பேசுவது? – திருப்பூர்

அந்த டிபன் பாக்ஸை நீங்கள் கவனித்தது மிகப் பெரிய விஷயம். தன் சாமான்களை எடுத்துக் கொடுப்பது எச்சரிக்கை. வார இறுதிவரை காத்திருக்காமல் இன்றே பேசுங்கள்.

லைனில் வைத்து வேண்டாம், மெஷின் சத்தத்தில் காதும் கேட்காது, நாலு பேர் பார்வையும் படும். தனியான, ஆனால் பயமில்லாத இடத்தில் உட்காரவையுங்கள். நீங்கள் ஆண் என்றால் அவள் நம்பும் ஒரு அக்காவும் கூட இருக்கட்டும். நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, பெரும்பாலும் நெஞ்சுப் பாரம்தான் இறங்கும். 'ஆமாம்' என்றால் அடுத்த கேள்வி, எப்படி, எப்போது என்று யோசித்துவைத்திருக்கிறாளா என்பது. வழியும் நேரமும் சொல்கிறாள் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். கையில் இருக்கும் மாத்திரை, மருந்து எதுவானாலும் வாங்கி வைத்துவிட்டு, துணைக்கு ஆள் போட்டு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்டி இல்லாவிட்டால் 108. எண்ணம் மட்டும் இருக்கிறது என்றால் அங்கேயே உட்கார்ந்து 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போன் போட்டுக் கையில் கொடுங்கள். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

"உனக்கு என்ன குறை", "குழந்தைகளை நினைச்சுப் பாரு" போன்ற பேச்சு வேண்டாம். தான் சுமையாகிவிட்டோம் என்று ஏற்கெனவே நினைப்பவளுக்கு அது குற்ற உணர்வாகத்தான் இறங்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. மறுநாள் அவள் வேலைக்கு வந்தால், டார்கெட்டைக் கேட்கும் முன் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸில் கவுன்சலிங் செலவு கிடைக்குமா? – ஓசூர்

உள்நோயாளியாகச் சேர்ந்தால், உடல் நோய்க்கு இருக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு. வாராவாரம் போய்வரும் கவுன்சலிங் வெளிநோயாளிச் செலவு. பாலிசியில் 'ஓ.பி.டி.' என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். பாலிசித் தாளில் அந்த வார்த்தையைத் தேடுங்கள்.

300 பேர் உள்ள கம்பெனியில் ஹெச்.ஆர். நான். எல்லோருக்கும் டிப்ரஷனை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 கேள்விப் படிவத்தை கூகுள் ஃபார்மில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். – சென்னை

நல்ல எண்ணம்தான், ஆனால் அனுப்பாதீர்கள். அதில் உள்ள ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. ஒருவர் இரவு 11 மணிக்கு அதில் 'ஏறக்குறைய தினமும்' என்று குறித்தால், அதை உங்களில் யார் பார்ப்பது, எத்தனை மணிக்குள் அவரிடம் பேசுவது? இதற்குப் பதில் தயாராக இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. மெயில் ஐடியோடு ஊழியரின் மனநலப் பதில்கள் ஒரு ஷீட்டில் குவிவதும் ஆபத்து. பணியில் இருப்பவர்களை இப்படி மொத்தமாகச் சோதிப்பது நன்மையா தீமையா என்பது தெளிவாகாததால், உலக சுகாதார நிறுவனமும் 2022 வழிகாட்டுதலில் அதைப் பரிந்துரைக்கவில்லை. மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதைப் பரிந்துரைத்திருக்கிறது.

ஆளை அளப்பதற்குப் பதிலாக வேலையை அளங்கள். கடந்த மூன்று மாத ஓவர்டைம், ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டுக்கு 11 மணி நேரத்துக்கும் குறைவாக இடைவெளி விழுந்த நாட்கள், ஆறு மாதமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர்கள், ஒரே டீமிலிருந்து அடுத்தடுத்து வந்த ராஜினாமாக்கள். இந்த நான்கும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. எந்த டீமில் நான்கும் சேர்ந்து விழுகிறதோ, அந்த டீமின் வேலைப் பங்கீட்டை முதலில் சரிசெய்யுங்கள். வெளியிலிருந்து கவுன்சலிங் சேவை எடுப்பதானால், யார் வந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் உங்களுக்கு வரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். துறைவாரி எண்ணிக்கையும் பத்துப் பேருக்குக் குறைவான டீமுக்கு வேண்டாம், ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.