கெட்ட நீர்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘ஹார்மோன்’ என்ற சொல்லைத் தந்த எர்னஸ்ட் ஸ்டார்லிங், அதற்கு முன்பு பல ஆண்டுகள் நிணநீரைப் பற்றி ஆராய்ந்தவர் என்று வகுப்பில் சொன்னார்கள். இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் விளக்கவில்லை. நீங்கள் விளக்க முடியுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அம்மாவுக்குத் தைராய்டு குறைவு. ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதமாகக் கால் வீங்குகிறது. நிணநீரில் கழிவு தேங்கியிருக்கிறது, அதைச் சுத்தம் செய்தால் ஹார்மோனும் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு பொடி கொடுத்தார். அதைச் சாப்பிடும்போது மாத்திரை கூடாது என்றதால் பன்னிரண்டு நாளாக அம்மா மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார். இதற்கு அறிவியல் அடிப்படை உண்டா? கடைசியாக, நான் ஆராய்ச்சிக்குப் போகலாமா அல்லது வங்கித் தேர்வு எழுதலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
கல்லிடைக்குறிச்சி

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மாத்திரை. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். உங்கள் அம்மாவைப் போல இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே மறுபடியும் எழுதுகிறேன்: மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ‘நன்றாகத்தான் இருக்கிறார்’ என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். உங்கள் அம்மா இன்று நன்றாக இருப்பது அந்தப் பொடியினால் அல்ல, நிறுத்திய மாத்திரையின் மிச்சத்தினால். அந்த மிச்சமும் குறையக் குறையத்தான் சோர்வும் குளிரும் மலச்சிக்கலும் ஒவ்வொன்றாக வரும். அப்போது யாரும் பொடியைச் சந்தேகிக்க மாட்டார்கள். விலங்கியல் படிக்கும் பெண் வீட்டில் இருந்துகொண்டே இதை நடக்க விட்டிருக்கிறீர்கள். தைராய்டு குறைந்தாலே தோலுக்கடியில் நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் சேர்ந்து உடம்பு வீங்கும் என்பது உங்கள் பாடத்தில் இருக்கும். அப்படியானால் வீக்கத்துக்கு மருந்தின் அளவு போதாமல் போனதே காரணமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையாக மருந்தையே நிறுத்தியிருக்கிறீர்கள். இதயம், சிறுநீரகம், காலின் சிரைகள் ஆகியவையும் காரணமாகலாம். இவற்றில் எது என்று மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

வங்கித் தேர்வா ஆராய்ச்சியா என்பதற்கு உங்களை அறியாத நான் பதில் சொல்வது முறையல்ல.

ஸ்டார்லிங்குக்கு வருகிறேன். பாடநூல்கள் அவரை 1902-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதியிலிருந்துதான் தொடங்குகின்றன. அன்று லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் அவரும் வில்லியம் பேலிஸும், மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. உடனே அந்தக் குடலின் உட்பரப்பைச் சுரண்டி, அமிலத்தோடு மணலில் அரைத்து, வடிகட்டிக் கழுத்துச் சிரையில் செலுத்தினார்கள். கணையம் மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரெட்டின் என்று பெயர் வந்தது. 1905-இல் இத்தகைய பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக, ‘தூண்டிவிடுதல்’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹார்மோன்’ என்ற பெயரை ஸ்டார்லிங் வழங்கினார்.

ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளை அவர் நிணநீரோடு கழித்திருந்தார். இரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் கசிந்து, தனி நாளங்கள் வழியாக மறுபடியும் இரத்தத்துக்குத் திரும்பும் நீர்தான் நிணநீர். 1892-இல் அவர் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் உடலியலாளர் ருடால்ஃப் ஹைடன்ஹைனின் ஆய்வகத்துக்குப் போனார். நிணநீர் என்பது தந்துகிகளின், அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின், சுவர் சுரப்பியைப் போலச் சுரப்பது என்பது ஹைடன்ஹைனின் கொள்கை. ஸ்டார்லிங் அந்தச் சோதனைகளைத் தாமே திரும்பச் செய்து பார்த்து, சுரப்பு என்று கொள்ளத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். தந்துகிக்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. இரத்தத்தில் உள்ள புரதங்கள் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே எவ்வளவு கசியும் என்பதை முடிவு செய்கிறது என்று 1896-இல் எழுதினார். தொடர்பு என்று நீங்கள் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். உடம்பின் ஒரு மூலையில் நடப்பது இன்னொரு மூலைக்குத் தெரிய வேண்டுமானால் நரம்பு வழியாகத்தான் தெரிய முடியும் என்று ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவும் அவரைப் பின்பற்றியவர்களும் நம்பிய காலம் அது. இரத்தத்திலிருந்து திசுவுக்கும் திசுவிலிருந்து இரத்தத்துக்கும் நீர் போய்வருவதைப் பத்தாண்டுகள் பார்த்திருந்த ஒருவருக்கு, நீரின் வழியாகவும் செய்தி போகலாம் என்று நம்புவது எளிதாக இருந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் ‘கழிவு’ என்ற சொல் இல்லாதிருந்தால் இத்தோடு முடித்திருப்பேன். அந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை உண்டு.

வீரவநல்லூரில் இருந்த என் அத்தைக்கு மார்பில் கட்டி வந்து, ஓர் ஊரின் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியோடு வலது அக்குளில் இருந்த நெறிகளையும், அதாவது நிணநீர்க் கணுக்களையும், எடுத்தார்கள். உயிர் காக்க அது தேவைதான். ஆனால் இனிமேல் அந்தக் கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்தையிடமோ எங்களிடமோ ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கை வீங்கத் தொடங்கியது. கல்யாணத்தில் போட்ட வளையலைத் தட்டானிடம் போய் அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. ‘கெட்ட நீர் இறங்கிட்டு, மருமவனே’ என்றுதான் அத்தை என்னிடம் சொன்னாள். ஊரும் அதையே சொன்னது. கெட்ட நீர் என்றால் அதைக் கொண்டிருக்கும் உடம்பும் கெட்டதுதானே? விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். பந்தியில் பரிமாற அழைத்தால் மறுத்தாள். வடிந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடுத்தாள். வீக்கம் இன்னும் ஏறியது. அவள் பீடி சுற்றுகிறவள். ஒரு நாள் இலை வெட்டும் கத்தரி விரலில் பட்டது. நாம் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடும் கீறல்தான் அது. மறுநாள் கை முழங்கை வரை சிவந்து, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள்.

அந்தக் கையில் இருந்தது கெட்ட நீர் அல்ல. கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. கன்னடியன் கால்வாயிலிருந்து மடை வழியாக வயலுக்குப் பாயும் தண்ணீர் முழுவதும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. வரப்பு தாண்டிக் கசிந்து, வடிகாலில் சேர்ந்து, மறுபடியும் தாமிரபரணிக்கே போகிறது. கீழே இருக்கும் அணைக்கட்டு அதே தண்ணீரை இன்னொரு ஊரின் வயலுக்குத் திருப்புகிறது. வடிகாலை மண் போட்டு மூடிவிட்டால் வயல் சேறாகிவிடும். அதற்காக அந்தத் தண்ணீரைச் சாக்கடை என்று யாராவது சொல்வார்களா? இரத்தத்தின் நீர்ப்பகுதி நம் உடம்பில் ஏறத்தாழ 3 லிட்டர். தந்துகிகளிலிருந்து ஒரு நாளில் கசிவதோ 8 லிட்டர் அளவுக்கு இருக்கும். அது திரும்பி வராவிட்டால் அரை நாளைக்குக்கூட இரத்தம் தாங்காது. திரும்பும் நீரோடு கசிந்த புரதங்களும் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் வருகின்றன. அத்தையின் கையில் வடிகாலின் வாய் அறுபட்டிருந்தது. காவலுக்கு இருந்த நெறிகளும் இல்லாததால்தான் ஒரு கீறலுக்கே கை சிவந்தது.

இங்கே உங்கள் பாடநூலோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. கசிந்த நீரில் பெரும்பகுதி தந்துகியின் மறுமுனையிலேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது, மீதியைத்தான் நிணநீர் நாளங்கள் எடுத்துச் செல்கின்றன என்று அம்புக்குறி போட்ட படத்தோடு படித்திருப்பீர்கள். ஸ்டார்லிங்கின் பெயராலேயே அந்தப் படம் பல தலைமுறைகளாக வந்துகொண்டிருக்கிறது. லெவிக், மிஷல் என்ற இரு உடலியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட திறனாய்வில், பெரும்பாலான திசுக்களில் அப்படித் தொடர்ந்து உறிஞ்சப்படுவதில்லை என்பதைச் சான்றுகளோடு காட்டினார்கள். தந்துகியின் உட்சுவரில் பூச்சாக இருக்கும் மெல்லிய சர்க்கரைப் படலத்தின் இரு பக்கங்களிலும் உள்ள புரத வேறுபாடே கணக்கில் வரும். அதை வைத்துக் கணக்கிட்டால் நீர் ஏறத்தாழ எப்போதும் வெளியே போய்க்கொண்டேதான் இருக்கிறது. குடலும் சிறுநீரகமும் போன்ற சில இடங்கள் விலக்கு. அப்படியானால் கசிந்த நீர் வீடு திரும்ப நிணநீர் நாளங்களே பெருவழி. உபரி வேலையாளாக ஓரத்தில் வரைந்து வைத்த ஒன்றின் மேல்தான் முழுச் சுமையும் இருக்கிறது. உங்கள் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள், அடக்கமாகக் கேளுங்கள், ஆனால் விடாதீர்கள்.

கழிவு என்கிறவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். நெய் விட்டுப் பிசைந்த பருப்புச்சோற்றைச் சாப்பிட்டால், அந்த நெய்யில் பெரும்பகுதி குடலிலிருந்து நேரே இரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீர் நாளங்களில் பாலைப் போல வெளுத்து ஏறி, மார்புக் குழாய் வழியாக இடது கழுத்தின் அடியில் சிரையோடு சேர்கிறது. 1622-இல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, தீனி தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது பார்த்தது இந்த வெள்ளை நூல்களைத்தான். முதலில் நரம்பு என்று நினைத்தார். ஒன்றை வெட்டினார், வெண்மையான நீர் வடிந்தது. நிணம் என்ற பழந்தமிழ்ச் சொல் கொழுப்பையும் குறிக்கும். நிணநீர் என்று பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருந்ததோ இல்லையோ, பெயர் பொருந்தியிருக்கிறது. நாம் சாப்பிட்ட சோற்றின் நெய் போகும் பாதையை எந்தப் பொடியால், எதற்காகச் சுத்தம் செய்ய வேண்டும்?

அத்தைக்குக் கடைசியில் உதவியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். விரல் நுனியிலிருந்து தொடங்கித் தோள் வரை எப்படிக் கட்டுத்துணி சுற்ற வேண்டும், தோலைக் கீறல் இல்லாமல் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், கட்டோடு கையை எப்படி அசைக்க வேண்டும் என்று மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார். நம் உடம்பில் நிணநீருக்கென்று தனி இதயம் கிடையாது. நாளங்கள் தாமே சுருங்குவதும், பக்கத்துத் தசைகள் அசைவதும், திரும்பிப் போகாமல் தடுக்கும் கதவுகளும்தான் அதை நகர்த்துகின்றன. வீக்கம் முழுவதும் போகவில்லை, ஆனால் குறைந்தது. அத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மணிக்கட்டைச் சுற்றி ஒரு வெள்ளை நூலை வைத்து அளந்து, அறுத்து, பீடிக்கணக்கு நோட்டில் ஒட்டிவைத்தாள். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முதல் நூலுக்கும் கடைசி நூலுக்கும் இரண்டு விரல் அகலம் வித்தியாசம்.

இன்று மாலை உங்கள் அம்மாவை உட்கார வைத்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் மெதுவாகப் பத்து எண்ணும் வரை அழுத்துங்கள். குழி விழுகிறதா, இரண்டு காலும் ஒரே அளவா, காலையில் வடிந்திருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தத் தாளையும் பழைய தைராய்டு பரிசோதனை முடிவுகளையும் பொடி டப்பாவையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். பன்னிரண்டு நாள் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.