கடலோர ஊரில் பீட்சா கடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெரிய நிறுவனங்களின் கிளையாக இல்லாமல், சொந்தப் பெயரில் கடற்கரை ஊரில் பீட்சா கடை வைக்க நினைப்பவர்களின் கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நகரத்துக்கு எழுதப்பட்ட கணக்கும் செய்முறையும் கடலோரத்துக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வெக்கை வேறு, காற்று வேறு, கூட்டம் வரும் நாளும் வேறு.

மாமல்லபுரம் வாசகர்: வார இறுதியில் சென்னையிலிருந்து வரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் கடை யோசனையே வந்தது. 10 அங்குல பீட்சாவை 240 ரூபாய்க்குக் கொடுத்தால் கட்டுபடியாகுமா? ஒரு நாளைக்கு எத்தனை விற்க வேண்டும்?

முதலில் ஒரு பீட்சாவின் அடக்கத்தைப் போடுங்கள். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். 180 கிராம் மாவு உருண்டை 7 ரூபாய், 70 கிராம் தக்காளி சாஸ் 8 ரூபாய், கிலோ 450 ரூபாய் என்றால் 90 கிராம் மொசரெல்லா சீஸ் சுமார் 41 ரூபாய், எண்ணெய், துளசி வகையறா 4 ரூபாய், அட்டைப்பெட்டி 12 ரூபாய், கேஸ் 8 ரூபாய். மொத்தம் 80 ரூபாய். 240-க்கு விற்றால் கையில் நிற்பது 160.

வாடகை 20,000, இரண்டு பேர் சம்பளம் 30,000, மின்சாரம், தண்ணீர், பழுது, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து 15,000 என்று வைத்தால் மாதச் செலவு 65,000. அதை 160-ஆல் வகுத்தால் மாதம் 407 பீட்சா. நாளுக்குச் சராசரி 14. இந்தச் சராசரியை நம்பி இறங்காதீர்கள். கடற்கரை ஊரில் சராசரி நாள் என்று ஒன்று கிடையாது. வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்து மாதத்தில் 13 நாள் வரும், மற்றவை 17 நாள். அந்த 17 நாளில் உள்ளூர்க்காரர்கள் 8 வீதம் வாங்கினால் 136. மீதி 271-ஐ 13 நாளில் விற்க வேண்டும், அதாவது நாளுக்கு 21. இது எட்டக்கூடிய எண்தான். ஆனால் வார நாளில் 8-க்குப் பதில் 3 மட்டும் விற்றால், வார இறுதியில் 28 விற்றாக வேண்டும். மழை பெய்த ஒரு வார இறுதி போதும், அந்த மாதம் கைவிட்டுப் போக.

அதனால் கடையை உள்ளூர்க்காரர்களை நினைத்துக் கட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 8 அங்குலத்தில் சின்ன பீட்சா, விடுதி ஊழியர்களுக்கு இரவு வேளை, பிறந்தநாள் ஆர்டர் இவைதான் செவ்வாய்க்கிழமையைக் காப்பாற்றும். கூட்ட மாதங்களில் வந்த பணத்திலிருந்து மூன்று மாதச் செலவை, இந்தக் கணக்கில் 1,95,000 ரூபாயை, தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் லாபம் என்ற சொல்லை எடுக்க வேண்டும்.

இன்னொன்று, தராசு. சீஸை அள்ளிப் போடும் கை 20 கிராம் தாராளம் காட்டினால் ஒரு பீட்சாவுக்கு 9 ரூபாய் போகும். மாதம் 407-க்கு 3,663 ரூபாய். ஒவ்வொரு பீட்சாவுக்கும் சீஸை நிறுத்துப் போடச் சொல்லுங்கள்.

தரங்கம்பாடி வாசகி: காலையில் பிசைந்த மாவு மதியத்துக்குள் பொங்கி வழிகிறது. மாலையில் விரித்தால் கிழிகிறது, வெந்தாலும் வெளிறிப் போகிறது. ஈஸ்ட்டைக் குறைத்தும் பார்த்துவிட்டேன்.

ஈஸ்ட்டைக் குறைத்தது சரிதான், அது பாதி வைத்தியம். மீதி, மாவின் வெப்பநிலையில் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய மாவில் ஈஸ்ட் ஓட்டமாக ஓடும். மாவிலுள்ள சர்க்கரையை அது முன்கூட்டியே தின்று தீர்த்துவிடுவதால், அடுப்பில் சிவக்க எதுவும் மிஞ்சுவதில்லை. வெளிறலுக்குக் காரணம் அது. அதிகம் புளித்ததில் பசையம் (மாவுக்கு இழுவை தரும் குளூட்டன்) தளர்ந்துவிடும், அதனால் கிழிகிறது.

1 கிலோ மைதாவுக்கு 600 கிராம் தண்ணீர், 25 கிராம் உப்பு, 20 கிராம் எண்ணெய், 2 கிராம் உலர் ஈஸ்ட் போதும். இதில் 180 கிராம் உருண்டை 9 வரும். சாதாரண மைதாவில் பிசைந்த மாவு தளர்ந்து இருந்தால் கிலோவுக்கு 20 கிராம் கோதுமைப் பசையத் தூள் சேருங்கள். அதற்கு மேல் போட்டால் ரப்பர் போல் இழுக்கும்.

பிசைந்து முடிக்கும்போது மாவின் நடுவில் 24 டிகிரி இருக்க வேண்டும். அதற்குத் தண்ணீரின் சூட்டைக் கணக்கிடும் வழி பேக்கரிக்காரர்களுக்குப் பழக்கமானது: 24-ஐ மூன்றால் பெருக்கி 72. அதிலிருந்து மைதாவின் சூடு, அறையின் சூடு, இயந்திரம் பிசையும்போது ஏறும் சூடு மூன்றையும் கழியுங்கள். மைதா 30, அறை 32, இயந்திரம் 6 என்றால் 72-இல் 68 போக மீதி 4. ஆக, தண்ணீர் 4 டிகிரியில் இருக்க வேண்டும். 5 கிலோ மைதாவுக்கான 3 கிலோ தண்ணீரில், குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்றால், சுமார் 670 கிராம் ஐஸாகவும் மீதி தண்ணீராகவும் இருந்தால் கணக்கு ஒத்துவரும். ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகுதான் மாவில் ஊற்ற வேண்டும். மீன் பெட்டிக்கு வரும் பாளம் ஐஸை இதற்குத் தொடவே கூடாது, குடிநீரில் உறைய வைத்ததுதான் ஆகும். ஐஸ் தட்டுப்பாடு என்றால் மைதாவை முந்தின இரவே காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மைதா 10 டிகிரிக்கு இறங்கினால் தண்ணீர் 24 டிகிரியில் இருந்தாலே போதும்.

பிறகு உருண்டை பிடித்து 4 டிகிரி ஃபிரிட்ஜில் 24 மணி நேரம். இங்கே பலரும் செய்யும் தவறு, உருண்டைத் தட்டுகளை உடனே மூடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. நடுத் தட்டில் சூடு சிக்கிக்கொண்டு அது மட்டும் பொங்கும். முதல் ஒரு மணி நேரம் தட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் திறந்தபடி அடுக்கிக் குளிரவிட்டு, அப்புறம் மூடுங்கள். குளிர்பானத்துக்காக நொடிக்கொரு தரம் திறக்கிற ஃபிரிட்ஜில் மாவை வைக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் தண்ணீர். கடலோரக் கிணறுகளில் உப்பேறியிருக்கும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரில் 500-க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரில் பிசைய வேண்டாம். ஈஸ்ட் மந்தமாகும், சுவையும் கரிக்கும். சுத்திகரிப்பில் 30, 40 என்று மிகவும் இறங்கிய தண்ணீரோ மாவைப் பிசுபிசுக்க வைக்கும். 100 முதல் 200 வரை நல்லது. ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத பாட்டிலில் உறைபெட்டியில் வையுங்கள். ஈரக்காற்றில் திறந்து கிடந்த ஈஸ்ட் சீக்கிரம் செத்துவிடும்.

கன்னியாகுமரி வாசகர்: விறகு அடுப்பா, கேஸா, மின்சாரமா?

ஐந்தாறு மாதம் கடை நடத்தி, கூட்டம் எப்படி என்று தெரியும்வரை கேஸில் எரியும் கல் தட்டு அடுப்புதான் எங்கள் பரிந்துரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போனாலும் கடை நிற்காது. ஒரே நேரத்தில் 4 பீட்சா வேகும் அடுப்பு, வேக 6 நிமிடம், கல் மீண்டும் சூடேற 2 நிமிடம் என்றால் மணிக்கு 30 வரும். தொடக்கத்தில் இதைவிடப் பெரிய அடுப்பு தேவையில்லை. 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு எப்போதும் இருக்கட்டும். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி குற்றம்.

மின் அடுப்பு வாங்குவதானால், அதன் பெயர்ப்பலகையிலுள்ள கிலோவாட்டைக் குறித்துக்கொண்டு முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். அடுப்பை இறக்கிவிட்டு மும்முனை இணைப்புக்குக் காத்திருப்பவர்கள் வாடகை மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

விறகடுப்பின் ருசி உண்மையானது. 430 டிகிரிக்கு மேல் ஒன்றரை நிமிடத்தில் வெந்து வரும் ஓரத்தை வேறு அடுப்பில் கொண்டுவருவது கடினம். கடலோரத்தில் சவுக்கு விறகு தாராளமாகக் கிடைப்பதும் வசதி. ஆனால் அது நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு புகையும், சூடு ஏறாது. மழைக்காலத்துக்கான விறகைக் கோடையிலேயே கூரைக்குள் ஏற்றிவிடுங்கள். அடுப்பின் வாய் கடலைப் பார்க்கக் கூடாது. கடை மும்முரமாகும் மாலையில்தான் கடற்காற்று உள்ளே வீசும், புகை முழுதும் கடைக்குள் திரும்பிவிடும். கேஸ் அடுப்பானால் அதே காற்று பர்னரின் சுடரை அலைக்கழிக்கும்.

எந்த அடுப்பானாலும் கல்லின் சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அடுப்பின் சூடுகாட்டி விளக்கு அணைந்தால் உள்ளிருக்கும் காற்று சூடாகிவிட்டது என்றுதான் பொருள். கல் சூடாக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். 300 முதல் 320 டிகிரி வந்த பிறகு முதல் பீட்சாவை ஏற்றுங்கள். அடிப்பகுதி வேகாத பீட்சா பெரும்பாலும் இந்த அவசரத்தில் பிறப்பதுதான்.

தூத்துக்குடி வாசகர்: எட்டு மாதத்தில் புது ஸ்டெயின்லெஸ் மேசை துருப் பிடித்துவிட்டது. காந்தம் ஒட்டாததால் நல்ல எஃகு என்று நம்பி வாங்கினேன்.

காந்தம் இங்கே உதவாது. 202 ரகத்திலும் 304 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, அந்த இடத்தை மாங்கனீஸ் நிரப்பியிருக்கும். உப்புக்காற்றுக்கு அது தாங்காது. எஃகு வியாபாரிகளிடம் சின்ன பேட்டரியோடு சோதனைத் திரவம் இருக்கும். ஒரு சொட்டு விட்டால் 202 சிவந்து காட்டிவிடும். 304 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கடலுக்கு மிக அருகில், திறந்த வெளியில் நிற்கும் புகைக்கூண்டுக்கு மட்டும் மாலிப்டினம் கலந்த 316. எல்லாவற்றையும் 316-இல் செய்வது வீண் செலவு. எந்த எஃகானாலும் தினமும் நல்ல தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள், அதன் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே துரு கிளம்பும். கேஸ் ரெகுலேட்டரையும் குழாயையும் வாரம் ஒருமுறை சோப்பு நுரை வைத்துக் கசிவு பாருங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: இறால், கணவாய் பீட்சாதான் எங்கள் கடையின் அடையாளம் என்று முடிவு செய்திருக்கிறோம். எப்படித் தொடங்கலாம்?

நல்ல முடிவு. காலண்டரை முதலில் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. குமரி மாவட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கோடை விடுமுறைக் கூட்டம் உங்கள் ஊருக்கு வரும் அதே வாரங்களில் இறால் விலை ஏறும். நாட்டுப்படகு வரத்தை மட்டும் நம்பி விலைப்பட்டியல் அச்சடித்தால் கையைக் கடிக்கும். பண்ணை வன்னாமி இறாலுக்கு இந்தத் தடை இல்லை. அந்த இரண்டு மாதத்துக்கு ஒரு பண்ணையிடம் முன்பே பேசி வையுங்கள்.

பச்சை இறாலை அப்படியே மேலே போட்டால் தண்ணீர் விட்டு நடுப்பகுதி சதசதக்கும். உரித்த இறாலைப் பூண்டு எண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டி, சல்லடைத் தட்டில் ஆறவிட்டு, ஈரம் ஒற்றி எடுத்து, சீஸுக்கு மேலே வையுங்கள். 10 அங்குலத்துக்கு 60 கிராம் போதும். தலையோடு வாங்கினால் அதற்குச் சுமார் 100 கிராம் தேவைப்படும், அடக்க விலையை அந்தக் கணக்கில் போடுங்கள். கணவாயை மெல்லிய வளையமாக நறுக்கிக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்த்தால் ரப்பராகாது. உறைந்ததை முந்தின இரவு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இளக விடுங்கள், மேசைமேல் வேண்டாம்.

நெத்திலியையும் முயன்று பாருங்கள். இத்தாலியர் பீட்சாவில் போடும் ஆன்சோவி அதே குடும்பத்து மீன்தான். அவர்களுடையது உப்பில் மாதக்கணக்கில் பதமானது, நம் கருவாடு வெயிலில் காய்ந்தது. அதனால் நேராகப் போடாமல், வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தலை நீக்கி, எண்ணெயில் முறுகவிட்டு 10 கிராம் தூவினால் போதும்.

திருச்செந்தூர் வாசகி: சைவம் மட்டும் போதுமா?

உங்கள் ஊருக்குப் போதும். சொல்லப்போனால் அதுதான் பலம். கந்த சஷ்டி, வைகாசி விசாகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். வெங்காயம், பூண்டு சேராத சாஸ் ஒன்றைத் தனியாக வையுங்கள். சீஸ் பாக்கெட்டில் பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, தாவர எண்ணெயில் செய்த போலி சீஸ் அல்ல என்பதையும் சேர்மானப் பட்டியலில் படித்து உறுதி செய்யுங்கள். விலையில் மலிவு, ஆனால் ஆறியதும் மெழுகுப் படலமாகிவிடும்.

மாமல்லபுரத்திலிருந்து இன்னொருவர்: கடற்கரை ஓரமாகவே இடம் கிடைக்கிறது. என்னென்ன அனுமதி வேண்டும்?

முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு தூரங்களை அளந்துவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுத்தான் கட்ட முடியும், பழுது பார்ப்பதற்கும் கேட்க வேண்டும். உங்கள் ஊரில் சின்னங்கள் நெருக்கமாக இருப்பதால் இது பல தெருக்களைத் தொடும். செங்கல் விறகடுப்பும் புகைக்கூண்டும் கட்டுமானமாகக் கருதப்படலாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை நீளும் கடலோர ஒழுங்காற்று மண்டலம். மணலில் கொட்டகை போடச் சொல்லும் இடத்துக்காரரை நம்பாமல், முறையான வரைபட அனுமதி உள்ள பழைய கட்டடத்தை எடுங்கள்.

மற்றவை எளிது. உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இணையதளத்தில், தொழில் உரிமம் உள்ளாட்சி அலுவலகத்தில். ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். மேலே போட்ட 407 பீட்சா கணக்கு ஆண்டுக்குச் சுமார் 11.7 லட்சம்தான். செயலி வழி ஆர்டர்களுக்கான 5 சதவீத வரியை 2022 ஜனவரி 1 முதல் அந்தச் செயலி நிறுவனமே கட்டுகிறது. ஆனாலும் அந்த விற்பனை 20 லட்சக் கணக்கில் சேரும். பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, மறந்துவிடாதீர்கள்.

அதே வாசகர்: விடுதிகளுக்கு அனுப்பினால் அட்டைப்பெட்டிக்குள் நமத்துப்போகிறதே?

அடுப்பிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டில் ஒரு நிமிடம் வையுங்கள், அடிப்பக்க ஆவி வெளியேறட்டும். அதற்குப் பிறகு வெட்டிப் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் பக்கவாட்டுத் துளைகளைக் குத்தித் திறந்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. பெட்டிக் கட்டுகளைத் தரையிலோ கடல் பக்கச் சுவரோரமோ அடுக்காதீர்கள். அட்டை ஏற்கெனவே ஈரம் குடித்திருந்தால் துளை திறந்தும் பயனில்லை. ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, உயரமான அலமாரியில் பாலித்தீன் உறை பிரிக்காமல் வையுங்கள்.