இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் உங்களை மிகவும் கவர்ந்த, சாதாரணமான அழகு எது?

கோட்டையும் அரண்மனையும் சுற்றுலாப் புத்தகங்களிலேயே இருக்கின்றன, விட்டுவிடலாம். என் ஓட்டு, அடுத்தவர் வயலுக்குள் புகுந்து போகும் ஒற்றையடிப் பாதைக்கு.

சாலையோரம் ஒரு மரக் கம்பம், அதில் மஞ்சள் அம்புக்குறி. அது காட்டும் பக்கம் சின்னக் கதவைத் திறந்துகொண்டு போனால் யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம், அடுத்து இன்னொருவரின் பார்லி வயல், சில இடங்களில் பண்ணை வீட்டு முற்றமேகூட. “யாருய்யா அது?” என்று யாரும் அதட்ட மாட்டார்கள். நிலம் அவருடையது, அதில் நடக்கும் உரிமை ஊருக்கே உரியது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படிச் சுமார் 2,25,000 கி.மீ. பொதுவழிகள் இருக்கின்றன. இவற்றை வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும் என்று 1949-இல் சட்டமே போட்டார்கள். வயலின் குறுக்கே போகும் பாதையை விதைப்புக்காக உழுதால், பொதுவாக 14 நாளுக்குள் நடக்கிற மாதிரி சரிசெய்து தர வேண்டும். அதனால்தான் ஜூன் மாதத்தில் இடுப்பளவு பார்லிக்கு நடுவே, வகிடு எடுத்தாற்போல ஒரு ஆள் அகலத்துக்குக் கோடு ஓடும். சட்டம் இவ்வளவு அழகாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரே ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் யார்க்‌ஷயரில் இருக்கும் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கைச் சொல்வேன். அங்கே மியூக்கர் என்று ஒரு குட்டி ஊர். ஊர் முடிகிற இடத்தில் புல்வெளிகள் தொடங்கும். பாதையில் பலகைக் கல் பதித்திருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம்; தள்ளி மிதித்தால் புல் வீணாகும், அது மாடு ஆடுகளின் குளிர்காலத் தீவனம். ஒவ்வொரு வெளிக்கும் நடுவே கல் சுவர். சுவரில் கால் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி, அதில் தானாகவே சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு. மனிதன் ஒருக்களித்து நுழைந்துவிடலாம், செம்மறி ஆட்டால் முடியாது. முதுகுப்பை போட்டிருந்தால் உங்களாலும் முடியாது. கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்தச் சுவர்களில் சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இரண்டு பக்கமும் பெரிய கல் அடுக்கி, நடுவே சில்லுக் கல் நிரப்பி, இடையிடையே இரு பக்கத்தையும் பிணைக்க நீளக் கல் வைப்பார்கள். கையில் எடுத்த கல்லைத் திரும்பக் கீழே போடாதே, அதற்கு ஓர் இடம் கண்டுபிடி என்பது அந்தக் கொத்தர்களிடையே வழக்கத்தில் உள்ள பேச்சு.

ஜூனில் போனால் புல்லைவிடப் பூதான் அதிகம் கண்ணில் படும். மஞ்சள் பட்டர்கப், ஊதாவில் கிரேன்ஸ்பில், நடுநடுவே யெல்லோ ராட்டில் என்று ஒரு செடி. காய்ந்தபின் அதன் காய்க்குள் விதை கிலுகிலுக்கும். ஆள் சின்னதுதான், வேலை பெரிது: புல்லின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்தை உறிஞ்சிவிடும். புல் அடங்கியதும் மற்ற பூக்களுக்கு இடம் கிடைக்கிறது. நிறைய ரசாயன உரம் போட்டால் புல் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நாடு முழுக்க அதுதான் நடந்தது. 1930-களில் இருந்த இப்படிப்பட்ட பூவெளிகளில் 97 சதவீதம் ஐம்பது வருடங்களுக்குள் போய்விட்டன. இங்கே தப்பித்ததற்குக் காரணம் பழைய முறை விவசாயம். வயலுக்கு ஒன்றாக நிற்கும் அந்தக் கல் கொட்டகைகளைப் பாருங்கள். மேல்தளத்தில் காய்ந்த புல், கீழே குளிர்காலம் முழுக்க நாலைந்து மாடு, வசந்தத்தில் அதே சாணம் அதே வயலுக்கு. பல கொட்டகைகள் இன்று சும்மாதான் கிடக்கின்றன.

ஆகவே இதை ‘இயற்கை அழகு’ என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சண்டை போடுவேன். யாரோ மழையில் நின்று கல் அடுக்கியிருக்கிறார்கள், யாரோ ஜூலை வரை புல் அறுக்காமல் பொறுத்திருக்கிறார்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பண்ணை வாசலில் முட்டை அட்டைகள், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, கடைக்காரர் கிடையாது. ஆள் பேசாத சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள் பழைய புத்தக அலமாரி.

போகிறவர்களுக்கு: ஜூன் நடுவில் போங்கள், ஜூலை பாதிக்குப் பிறகு அறுவடை ஆரம்பித்துவிடும். பஸ் மிகக் குறைவு, திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மழைச்சட்டை இல்லாமல் கிளம்ப வேண்டாம். கன்றோடு நிற்கும் பசுவுக்கு அருகே செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். அம்புக்குறியெல்லாம் அதற்குத் தெரியாது.