மூன்று கப் பென்னே எத்தனை கிராம்?

கேள்வி: அமெரிக்கச் சமையல் குறிப்பு ஒன்றில் 3 கப் பென்னே (குழாய் வடிவப் பாஸ்தா) என்று இருக்கிறது. கடையில் கிராம் கணக்கில்தான் பாக்கெட் வருகிறது. வீட்டில் தராசு கிடையாது, ரைஸ் குக்கரோடு வந்த கப்தான். எவ்வளவு வாங்க வேண்டும்? (வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: 500 கிராம் பாக்கெட் ஒன்று போதும், பாதிக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும். அமெரிக்க கப் 237 மி.லி. அதில் காய்ந்த பென்னே சுமார் 90 கிராம் பிடிக்கும். மூன்று கப்புக்கு 270 கிராம். குக்கர் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான். அதில் மூன்று போட்டால் 205 கிராம்தான் தேறும், சாஸ் தட்டில் குழம்பு மாதிரி நிற்கும். நான்காகப் போடுங்கள்.

இந்தக் கணக்கு பென்னேக்கு மட்டும். ஒரு படி பொரியும் ஒரு படி அரிசியும் ஒரே எடையா? குட்டி மக்ரோனி நெருங்கி உட்காரும், அமெரிக்க கப்புக்கு 105 முதல் 115 கிராம். சுருள் ஃபுசிலி 75 முதல் 85. வண்ணத்துப்பூச்சி வடிவம் 70 வந்தாலே அதிகம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கப்பைத் தட்டினாலும் குவித்தாலும் இன்னும் மாறும்.

தராசு இல்லையென்றால் பாக்கெட்டையே தராசாக்கலாம். புதுப் பாக்கெட்டை முறத்தில் கொட்டி, அடியில் தங்கும் உடைசலையும் கலந்துவிட்டு, தினமும் புழங்கும் டம்ளரால் அளந்து டப்பாவில் போடுங்கள். 500 கிராம் ஏழு டம்ளர் வந்தால் டம்ளருக்கு 71 கிராம். அதை மார்க்கரால் மூடியில் எழுதிவையுங்கள். நீளக் குச்சியாக வரும் ஸ்பகெட்டிக்குக் கப்பே உதவாது. 500 கிராம் கட்டை ஐந்து சம பிடியாகப் பிரித்தால் பிடிக்கு 100 கிராம்.

குறிப்பில் ‘வேகவைத்தது’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். காய்ந்த 100 கிராம் வெந்தால் 200-க்கு மேல் போகும். மக்ரோனி என்றால் வெந்த 2 கப்புக்குக் காய்ந்தது 1 கப் போதும்.

கேள்வி: ஒரே விலையில் ஃபுசிலி பாக்கெட் பெரிதாக இருக்கிறது, மக்ரோனி பாதி காலியாகத் தெரிகிறது. எது லாபம்? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: உப்பலைப் பார்த்து வாங்காதீர்கள், நிகர எடையைப் பாருங்கள். 400 கிராம், 450 கிராம் பாக்கெட்டுகளும் 500-க்குப் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். எம்.ஆர்.பி. அருகே ஒரு கிராமின் விலை அச்சிட்டிருக்க வேண்டும். 400 கிராம் 80 ரூபாய் என்றால் கிராம் 20 காசு. 500 கிராம் 95 ரூபாய் என்றால் 19 காசு.

எடையில் சந்தேகமா? பிரிக்காமல் கடைத் தராசில் வைத்து, காலி உறையின் எடையாகப் பத்து கிராம் கழியுங்கள். 500 கிராமுக்கு 15 கிராம் வரை குறைய விதியில் இடமுண்டு. அதற்கும் கீழே போனால் பில்லோடு, பிரிக்காத பாக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.